பெட்டியைத் திறக்காத தோழி: சிறுகதையில் நம்பிக்கையைப் படிக்க உதவும் ஐந்து கருவிகள்

“இக்கதையில் உறவுகளும் நம்பிக்கையும் அமைந்துள்ள விதத்தை ஆராய்க.” இலக்கியம் படிக்கும் யாருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். தேர்வுத் தாளில் வரலாம், கட்டுரைத் தலைப்பாக வரலாம், வாசகர் வட்டத்தில் யாராவது எழுப்பலாம். வந்ததும் கை நீள்வது உதவிப் பொருள்களை நோக்கித்தான்: கைடு, பாத்திர உறவு வரைபடம், குறிப்பு நோட்டு, ஏஐ அரட்டைச் சேவை, கூடிப் படிக்கும் குழு. இந்த ஐந்தையும் ஒரே கதையில் உரசிப் பார்க்கும் மதிப்பீடு இது. எந்தப் பதிப்பகத்தின் கைடு, எந்தச் செயலி என்று பெயர் சொல்லப்போவதில்லை. குறை பெரும்பாலும் அந்த வகையிலேயே இருக்கிறது. அட்டையை மாற்றினால் தீராது.

உரைகல்லாக எடுத்த கதை, பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசான் 1884இல் எழுதிய ‘நெக்லஸ்’. முடிவைச் சொல்லாமல் இதை மதிப்பிட வழியில்லை. ஆகவே படிக்காதவர்கள் கதையை முதலில் படித்துவிட்டு வருவது நல்லது. ஒரே அமர்வில் முடிந்துவிடும். படித்து நாளானவர்களுக்கு நினைவூட்டல் இது. அமைச்சகக் குமாஸ்தா ஒருவரின் மனைவி மத்தில்த். அமைச்சகத்தில் நடக்கும் விருந்துக்காகத் தோழி ஃபொரெஸ்தியேயிடம் வைர நெக்லஸ் ஒன்றை இரவல் வாங்குகிறாள். விருந்து முடிந்து வீடு திரும்பும்போது அது தொலைந்துபோகிறது. தோழியிடம் சொல்லாமல், கணவனும் மனைவியும் 36,000 பிராங்குக்கு அதே மாதிரி ஒன்றை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறார்கள். அந்தக் கடனை அடைக்கப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. கடைசியில் தெரியவருகிறது: இரவல் வாங்கியது போலி நகை, மிஞ்சிப்போனால் 500 பிராங்க் பெறும்.

‘பேராசை பெருநஷ்டம்’ என்று இந்தக் கதைக்கு ஒரு முத்திரை நெடுங்காலமாகக் குத்தப்பட்டு வருகிறது. தவறென்று சொல்ல முடியாது. ஆனால் நம்பிக்கையைப் பற்றிக் கேள்வி கேட்டால் அந்த முத்திரை எதற்கும் உதவாது. மத்தில்த்துக்கு ஆடம்பர ஆசை இருந்ததால் மட்டும் பத்து ஆண்டுகள் போய்விடவில்லை. ‘இது அசலா?’ என்று வாங்கும்போது கேட்கவில்லை. ‘தொலைத்துவிட்டேன்’ என்று பிறகு சொல்லவில்லை. இந்த இரண்டில் ஏதேனும் ஒன்று நடந்திருந்தால் கதையே இல்லை. திருக்குறளில் தெரிந்துதெளிதல் அதிகாரத்தின் கடைசிக் குறள், 510ஆவது, இதை இரண்டு அடியில் சொல்லிவிடுகிறது: “தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்.” ஆராயாமல் நம்புவதும், நம்பியவரிடமே பிறகு ஐயம் கொள்வதும் தீராத துன்பம் தரும். மத்தில்த் நகை விஷயத்தில் முதல் பிழையைச் செய்கிறாள், தோழி விஷயத்தில் இரண்டாவதை. நகையை ஆராயாமல் நம்பினாள். நகைப்பெட்டியையே முன்னால் வைத்தவளின் மனத்தை நம்பவில்லை.

ஆகவே, கருவிகளை அளக்க ஒரே அளவுகோல் போதும். கதையில் யார் எதைச் சரிபார்க்காமல் விட்டார்கள் என்ற இடத்துக்கு அது வாசகரைக் கூட்டிக்கொண்டு போகிறதா? ‘நெக்லஸ்’ கதையில் அப்படிப்பட்ட இடங்கள் ஐந்து.

முதலாவது, இரவல் கொடுக்கும் காட்சி. ஃபொரெஸ்தியே தன் நகைப்பெட்டியையே கொண்டுவந்து திறந்துவைத்து, எடுத்துக்கொள் என்கிறாள். விலைப்பேச்சு கிடையாது, எப்போது திரும்பும் என்ற கேள்வியும் கிடையாது. மத்தில்த் பலவற்றைப் போட்டுப் பார்த்து, வேறு ஏதும் இல்லையா என்று கேட்டு, கடைசியில் கறுப்பு சாட்டின் பெட்டி ஒன்றில் அந்த நெக்லஸைக் கண்டுபிடிக்கிறாள். இதை மட்டும் தருவாயா என்று தயங்கிக் கேட்க, தாராளமாக என்று பதில் வருகிறது. அந்த ‘தாராளமாக’ முழு நம்பிக்கையா, பொருளின் மதிப்புக் குறைவா? முதல் வாசிப்பில் பிரித்தறிய முடியாது. இரண்டாம் வாசிப்பில் இரண்டும் சேர்ந்தே கேட்கும்.

இரண்டாவது, கடிதம். கொக்கி உடைந்துவிட்டது, பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறோம் என்று தோழிக்கு எழுதச் சொல்வது கணவன். அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். பொய்யின் சொற்கள் அவனுடையவை, கையெழுத்து அவளுடையது. கணவன் மனைவிக்குள் இருக்கும் பிணைப்பும், தோழிக்கும் அவளுக்கும் இடையே விழும் விரிசலும் அந்த ஒரே வாக்கியத்தில் நடக்கின்றன. இதைக் கவனிக்காமல் ‘கணவன் நல்லவன், தியாகி’ என்று எழுதுகிறவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள்.

மூன்றாவது, நகைக்கடைக்காரர். பெட்டியின் உள்ளே அச்சிட்டிருந்த பெயரை வைத்துக்கொண்டு இருவரும் அவரிடம் போகிறார்கள். அவர் கணக்குப் புத்தகங்களைப் பார்த்துவிட்டு, நெக்லஸை விற்றது தான் இல்லை, பெட்டி மட்டும்தான் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்கிறார். போலிக்கான துப்பு இங்கேயே கையில் வந்து விழுகிறது. பதற்றத்தில் இருக்கும் இருவரும் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்; வாசகரும் கூடவே போய்விடுகிறார். கதையைக் கட்டிய கை எவ்வளவு நுட்பமானது என்று இந்த ஒரு வரியில் தெரியும்.

நான்காவது, கடையில் போட்ட ஒப்பந்தம். 40,000 சொன்ன நகை 36,000க்குப் படிகிறது. மூன்று நாள் வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறார்கள். பிப்ரவரி முடிவதற்குள் பழைய நகை கிடைத்துவிட்டால் இதை 34,000க்குத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் பேசிக்கொள்கிறார்கள். முன்பின் தெரியாத கடைக்காரரிடம் விலை, தேதி, திருப்பும் தொகை எல்லாம் பேசி முடித்தவர்கள், தெரிந்த தோழியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த முரணைக் காட்டாத எந்த ஆய்வும் அரைகுறைதான்.

ஐந்தாவது, திருப்பித் தரும் காட்சி. கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சீக்கிரமே கொண்டுவந்திருக்க வேண்டும், எனக்குத் தேவைப்பட்டிருக்கலாமே என்று ஃபொரெஸ்தியே சற்றுக் கடுகடுப்பாகச் சொல்கிறாள். ஆனால் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. மாற்றியதைக் கண்டுபிடித்துத் தன்னைத் திருடி என்று நினைத்துவிடுவாளோ என்று மத்தில்த் பயந்துகொண்டு நிற்கிறாள். திறந்திருந்தால் பயந்த அவமானம் நேர்ந்திருக்கும், கூடவே உண்மையும் வெளிவந்திருக்கும். தோழியின் குரலில் நட்பு குறைந்திருக்கிறது, செயலிலோ நம்பிக்கை அப்படியே இருக்கிறது. பேச்சையும் செய்கையையும் தனித்தனியாக எடைபோடத் தெரியாத கருவி இந்த இடத்தில் சறுக்கிவிடும்.

இனிக் கருவிகளுக்கு வருவோம்.

கைடு

கதைச்சுருக்கம், பாத்திரப் பண்புகள், மையக்கருத்து, வினா-விடை. இந்த நான்கு பகுதிகளும் இல்லாத கைடு அரிது. மேலே சொன்ன ஐந்தில் முதல் இடத்தையும் கடைசி இடத்தையும் சுருக்கத்தில் தொட்டுப் போகும். நடுவில் உள்ள மூன்றும் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். காரணம் எளிது. சுருக்குகிறவர், கதையோட்டத்தை நகர்த்தாத வரிகளை வெட்டுவார். கடைக்காரரின் பதிலும், சொல்லச் சொல்ல எழுதிய கடிதமும் கதையோட்டத்தை நகர்த்துவதில்லை. உறவு பற்றிய செய்தியோ அப்படிப்பட்ட வரிகளில்தான் தங்கியிருக்கிறது.

பாத்திரப் பண்புப் பகுதி இன்னும் சிக்கலானது. ‘மத்தில்த்: கர்வம் உள்ளவள், ஆடம்பரப் பிரியை. கணவன்: அன்பானவன், எளியவன்.’ நம்பிக்கை ஒருவருடைய பண்பாக மட்டும் இருப்பதில்லை. இரண்டு பேருக்கு நடுவே, ஒரு குறிப்பிட்ட பொருளின் மீது, ஒரு குறிப்பிட்ட நேரத்தில் நிகழ்கிறது. தனித்தனி ஆளுக்குத் தனித்தனிப் பண்பு என்று பட்டியல் போட்டால், நடுவில் நிகழ்வதை எழுத இடமே இருக்காது. கைடை மட்டும் படித்து எழுதும் விடைகள் ஒன்றுபோலத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

பயன் இல்லாமலும் இல்லை. பெயர்களைச் சரியாக எழுத, சம்பவ வரிசை தடுமாறாமல் இருக்க, கதை எழுந்த காலத்தைத் தெரிந்துகொள்ளக் கைடு உதவும். கதையை இரண்டு முறை படித்த பிறகு எடுங்கள். முதலில் எடுத்தால் அந்த முத்திரை மனத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை உரிப்பது பெரும்பாடு.

உறவு வரைபடம்

ஆளுக்கொரு வட்டம், வட்டங்களுக்கு நடுவே கோடு, கோட்டின் மேல் ‘நண்பர்’, ‘கணவன்’ என்று ஒரு சொல். அச்சிட்ட தாளாகவும் கிடைக்கிறது, செயலியாகவும் கிடைக்கிறது. பார்ப்பதற்குத் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவுதான் ஏமாற்றுகிறது. ஒரே கோடு இரு பக்க உறவையும் குறிக்கிறது. மத்தில்த்தும் ஃபொரெஸ்தியேயும் ஒருவரையொருவர் ஒரே அளவு நம்பவில்லை என்பதைக் காட்ட அந்தக் கோட்டால் ஆகாது. இன்னொரு குறை, வரைபடத்துக்குக் காலம் கிடையாது. கதையின் முதல் பக்கத்து உறவும் கடைசிப் பக்கத்து உறவும் ஒரே கோட்டில் குழம்பிவிடுகின்றன.

சரிசெய்வது கடினமில்லை. கோட்டுக்குப் பதில் இரண்டு அம்புக்குறி போடுங்கள், போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று. அம்பின் மேல் உறவுப்பெயரை எழுதாமல் ஒரு வினைச்சொல்லை எழுதுங்கள்: ‘கொடுத்தாள்’, ‘மறைத்தாள்’, ‘சொல்லிக்கொடுத்தான்’, ‘திறக்கவில்லை’. பிறகு ஒரே வரைபடத்தை மூன்று தாளில் போடுங்கள்: சிக்கலுக்கு முன், சிக்கலின் நடுவில், முடிவில். ‘நெக்லஸ்’ கதைக்கு மத்தில்த், கணவன், தோழி, பெட்டி செய்த கடைக்காரர், நகை விற்ற கடைக்காரர், கடன் கொடுத்தவர்கள் என ஆறு வட்டம் போதும். நடுத் தாளைப் பார்த்தவுடன் ஒன்று கண்ணில் படும். கடைக்காரருக்கும் கடன்காரர்களுக்கும் கணவனிடமிருந்து அடர்த்தியாக அம்புகள் போகின்றன; தோழியை நோக்கிப் போவது ஒரே அம்பு, அதன் மேல் எழுதியிருப்பது ‘பொய்க் கடிதம்’. இப்படித் திருத்திப் பயன்படுத்தினால் இந்தக் கருவி நான்காவது இடத்தை வேறெதையும் விடத் தெளிவாகக் காட்டும்.

திருத்த இடம் தராத செயலிகளும் உண்டு. கோட்டில் திசை போட முடியாது, உறவுப்பெயர்களைப் பட்டியலிலிருந்துதான் தேர்வு செய்ய வேண்டும் என்றால் அதை விட்டுவிடலாம். ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் அதைவிட நன்றாக வேலை செய்யும்.

பத்தி பிரித்த குறிப்பு நோட்டு

நோட்டின் பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் கதையின் வரி, வலப்பக்கம் வாசகரின் குறிப்பு என எழுதும் பழக்கம் நெடுநாளாக இருக்கிறது. ஐந்தில் இதற்கே முதலிடம். ஆனால் கடையில் கிடைக்கும் இரண்டு பத்தி (நெடுவரிசை) நோட்டை அப்படியே பயன்படுத்தினால் நம்பிக்கை பற்றிய கேள்விக்குப் போதாது. மூன்றாவது பத்தி ஒன்று வேண்டும்: ‘சரிபார்த்தாரா? இல்லையென்றால் ஏன்?’

வேலை இப்படிப் போக வேண்டும். முதல் வாசிப்பில் பேனாவைத் தொடக்கூடாது. இரண்டாம் வாசிப்பில் கொடுக்கல், வாங்கல், சொல்லல், மறைத்தல் என்ற நான்கு செயல்களுக்கு மட்டும் ஓரத்தில் கோடு போடுங்கள். வருணனை எவ்வளவு அழகாக இருந்தாலும் தாண்டிவிடுங்கள். அதற்கு வேறு நாள் உண்டு. மூன்றாம் வாசிப்பில் கோடு போட்ட இடங்களை மட்டும் நோட்டுக்கு மாற்றுங்கள். இடப்பத்தியில், கதையின் பத்தி எண்ணுடன் பத்துப் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம். நடுப்பத்தியில், அந்த நேரத்தில் யாருக்கு என்ன தெரியும் என்பதை எழுதுங்கள். மூன்றாவது பத்தியில் சரிபார்த்தல். பத்துப் பக்கக் கதைக்கு வாசிப்பும் சேர்த்துச் சுமார் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

நான்கு வரிசைகள் இப்படி அமையும்:

நகைப்பெட்டியைத் திறந்து வைத்தாள் — போலி என்பது தோழிக்குத் தெரியும், மத்தில்த்துக்குத் தெரியாது — கேட்கவில்லை, வெட்கம்.

அவன் சொல்ல எழுதினாள் — தொலைந்தது இருவருக்கும் தெரியும், தோழிக்குத் தெரியாது — தோழி விசாரிக்கவில்லை. தேவை என்று தோன்றவில்லை.

பெட்டி மட்டும் தன்னுடையது என்றார் — கடைக்காரருக்குக் கொஞ்சம் தெரியும், மற்றவர்களுக்கு யோசிக்க நேரமில்லை — சரிபார்க்கவில்லை, பதற்றம்.

பெட்டியைத் திறக்கவில்லை — உள்ளே வேறு நகை என்பது மத்தில்த்துக்குத் தெரியும், தோழிக்குத் தெரியாது. அது அசல் வைரம், பழையது போலி என்ற முழு உண்மை இருவருக்குமே தெரியாது — சரிபார்க்கவில்லை. தேவை என்று தோன்றவில்லை.

நான்காவது வரிசையின் நடுப்பத்தியை எழுதும்போதுதான் அந்தக் காட்சியின் முழுக் கனமும் தெரியும். பெட்டி இருவருக்கும் நடுவில் இருக்கிறது. ஆளுக்குப் பாதி உண்மை. அதைச் சேர்த்துவைக்க ஒரு கேள்வி போதும். கைடு ஒருபோதும் இந்த இடத்துக்குக் கூட்டிப் போகாது.

மூன்றாவது பத்தியில் வெறுமனே ‘இல்லை’ என்று எழுதினால் பயன் பாதிதான். காரணத்தைச் சேர்க்க வேண்டும். சரிபார்க்காமல் விடுவதற்குக் கதைகளில் அடிக்கடி வரும் காரணங்கள் சிலவே: தேவையென்று தோன்றவில்லை, வெட்கம், பயம், பதற்றம், வேறு வழியில்லை. கணவன் தந்தை வழியில் வந்த 18,000 பிராங்கைப் போட்டு, மீதியை ஒருவரிடம் 1,000, இன்னொருவரிடம் 500 என்று திரட்டி, அடைக்க முடியுமா என்றே தெரியாமல் பத்திரங்களில் கையெழுத்துப் போடுகிறான். அது ‘வேறு வழியில்லை’. தோழி பெட்டியைத் திறக்காதது ‘தேவையில்லை’. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஆராயாமை. உள்ளே இருப்பது வேறு வேறு.

தத்துவ ஆசிரியர் அனெட் பேயர் 1986இல் எழுதிய கட்டுரை ஒன்றில் சொன்ன வேறுபாடு இங்கே கைகொடுக்கும். ஒருவரைச் சார்ந்திருப்பது வேறு, அவர்மேல் நம்பிக்கை வைப்பது வேறு. சார்ந்திருந்தது பொய்த்தால் ஏமாற்றம் மிஞ்சும். நம்பிக்கை பொய்த்தால் துரோகம் என்று வலிக்கும். நகை விற்ற கடைக்காரர் 34,000க்குத் திருப்பி எடுக்க மறுத்திருந்தால் அது நஷ்டம். தோழி ‘திருடி’ என்று சொல்லியிருந்தால் அது வேறு காயம். நடுப்பத்தி ஓரத்தில் ‘சா’ அல்லது ‘ந’ என்று ஓர் எழுத்துப் போட்டுவைத்தால், கட்டுரை எழுதும்போது இரண்டும் குழம்பாது.

இந்தக் கருவி எங்கே கெடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இடப்பத்தியில் கதையின் முழுப் பத்தியையே நகலெடுப்பது மிகப் பரவலான தவறு. கை வலிக்கும், மூளை ஓய்வெடுத்துவிடும். நடுப்பத்தியில் ‘பாவம்’, ‘சுயநலம்’ போன்ற சொற்களை எழுதத் தொடங்கினால் நோட்டு மெல்லக் கைடாக மாறிவிடும். நினைவிலிருந்து எழுதுவதும் ஆபத்து. கொக்கி உடைந்ததாக எழுதச் சொன்னது மத்தில்த்தின் யோசனை என்று பலர் நினைவில் பதிந்திருக்கும். கதையைத் திரும்பப் பார்த்தால்தான் அது கணவன் சொன்னது என்று தெரியும். ஆள் மாறினால் உறவே மாறிவிடும் அல்லவா?

ஏஐ அரட்டைச் சேவை

இதை ஒரேயடியாக ஒதுக்குவதும் தவறு, விடையை அப்படியே எடுத்து எழுதுவதும் தவறு. எந்த வேலைக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

‘நெக்லஸ் கதையில் நம்பிக்கையை ஆராய்க’ என்று மொட்டையாகக் கேட்டால் சீராக ஒரு விடை வரும். அதில் புதிதாக ஒன்றும் இருக்காது. புகழ்பெற்ற கதையைப் பற்றி உலகில் எழுதப்பட்டவை ஏராளம். அவற்றின் சராசரிதான் முதலில் மேலே வரும். அந்தச் சராசரி மீண்டும் ‘ஆடம்பரமும் அதன் தண்டனையும்’தான். மேற்கோளில் இன்னும் கவனம் வேண்டும். பிரெஞ்சு மூலத்துக்கு மொழிபெயர்ப்புகள் பல உள்ளன. சேவை தரும் வரி அவற்றில் ஒன்றிலிருந்து வரலாம், இரண்டைக் கலந்து வரலாம், தானாகப் புனைந்ததாகவும் இருக்கலாம். கையில் உள்ள தமிழ்ப் பிரதியில் அந்தச் சொற்கள் இல்லாமல் போகலாம். மேற்கோள் குறிக்குள் போடுவதற்கு முன் பிரதியில் விரல் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

ஒரு சோதனையை எந்தச் சேவையிலும் செய்து பார்க்கலாம். ‘நகையைத் திருப்பிக் கொடுத்தபோது பெட்டியைத் திறந்து பார்த்த தோழி என்ன சொன்னாள்?’ என்று தவறான கேள்வியைக் கேளுங்கள். ‘அவள் திறக்கவில்லை’ என்று திருத்தினால் அந்தச் சேவையோடு மேலே பேசலாம். கேள்விக்கு இசைந்து, இல்லாத ஒரு வசனத்தைத் தந்தால், அன்றைக்கு அதனிடம் மேற்கோள் எதையும் கேட்காதீர்கள். கேட்பவரோடு ஒத்துப்போகும் சாய்வு இந்தச் சேவைகளுக்கு உண்டு. நம்பிக்கையைப் பற்றி ஆராயும் வேலையில் அது பெரிய குறை. நாம் யாரைச் சந்தேகிக்கிறோமோ அவரையே அதுவும் சந்தேகிக்கும்.

பயனுள்ள முறை இது. பிரதி முழுவதையும் பத்தி எண்ணுடன் கொடுங்கள். விளக்கம் கேட்காமல் பட்டியல் கேளுங்கள்: யார் யாருக்கு எதைக் கொடுத்தார், எதைச் சொன்னார், எதை மறைத்தார், எந்தப் பத்தியில். வந்த பட்டியலை ஒவ்வொரு வரியாகப் பிரதியில் சரிபாருங்கள், விடுபட்டதையும் தேடுங்கள். நடுப்பகுதியில் உள்ள சின்னச் சின்னக் கைமாற்றங்கள் விடுபட வாய்ப்பு அதிகம். பிறகு உங்கள் வாசிப்பை எழுதிக் கொடுத்து, இதற்கு எதிரான வலுவான வாதம் எது, எந்த வரியை ஆதாரமாகக் கொண்டு, என்று கேளுங்கள். ‘தோழி திறக்காதது நம்பிக்கையால்’ என்று நீங்கள் எழுதினால், அசட்டையால் என்று எதிர்வாதம் வரலாம். அந்த எதிர்வாதத்துக்குப் பதில் எழுதும்போதுதான் கட்டுரைக்கு முதுகெலும்பு கிடைக்கிறது. நோட்டை நிரப்பிய பிறகு இந்தச் சேவைக்குப் போனால் நல்ல சக வாசகர். நோட்டுக்கு முன்னால் போனால் இன்னொரு கைடு.

கூடிப் படிக்கும் குழு

நாலைந்து பேர், ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மூன்று இடத்தில் நிறுத்துவது: இரவல் கொடுத்த பின், கடிதம் எழுதிய பின், நகையைத் திருப்பிக் கொடுக்கும் முன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ‘நீங்கள் தோழியாக இருந்தால்?’ என்று கேட்காமல், ‘இவளுக்கு இப்போது என்ன தெரியும்?’ என்று கேளுங்கள். முதல் கேள்வி அவரவர் வாழ்க்கைக் கதைக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். திரும்பி வரவே முடியாது. முடிவு ஏற்கெனவே தெரிந்தவர்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் இது அருமையான கருவி. தெரிந்தவர் ஒருவர் சிரித்துவிட்டாலும் போயிற்று. அதனால் புகழ்பெற்ற கதைகளைவிட அதிகம் அறியப்படாத கதைகளுக்கே குழு பொருந்தும்.

கதை மாறினால் கருவியும் மாறும்

‘நெக்லஸ்’ பொருள் கைமாறும் கதை. அதனால் வரைபடமும் நோட்டும் சோபிக்கின்றன. உரையாடலிலேயே உறவு நடக்கும் கதைகளில் வரைபடத்துக்கு வேலையில்லை. அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1927இல் வெளியிட்ட ‘வெள்ளை யானைகளைப் போன்ற மலைகள்’ கதையில் பேசுகிறவர்கள் முக்கியமாக ஓர் ஆணும் பெண்ணும் மட்டுமே. உனக்கு விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்கிறான். திரும்பச் சொல்வதிலேயே அந்தச் சொல்லின் நேர்மை தேய்ந்துபோகிறது. பேச்சை நிறுத்தச் சொல்லும்போது அவள் ‘தயவுசெய்து’ என்பதை அடுக்கடுக்காக ஏழு முறை சொல்கிறாள். இங்கே நோட்டின் இடப்பத்தியில் வரியை எழுதி, நடுவில் ‘எத்தனாவது முறை’ என்று எண்ணுங்கள். கொடுக்கல் வாங்கல் தேடினால் ஒன்றும் சிக்காது.

சொல்பவரையே நம்ப முடியாத கதைகளும் இருக்கின்றன. இலக்கிய விமர்சகர் வெய்ன் பூத் 1961இல் ‘நம்பத்தகாத கதைசொல்லி’ என்று பெயரிட்ட வகை அது. ஜப்பானிய எழுத்தாளர் அகுதாகவா 1922இல் எழுதிய ‘தோப்பில்’ கதையில் ஒரு மரணத்தைப் பற்றி ஏழு பேர் வாக்குமூலம் தருகிறார்கள். இறந்தவரும் ஆவி பேசும் ஒருத்தி வழியாகப் பேசுகிறார். மரணத்தை நேரில் அறிந்த மூவரின் கூற்றுகளும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. இதற்கு ஒரே வரைபடம் போட முயன்றால் தவறாகத்தான் முடியும். வாக்குமூலத்துக்கு ஒரு தாள் எடுக்க வேண்டும். நோட்டின் மூன்றாவது பத்தியில் பாத்திரம் சரிபார்த்ததா என்ற கேள்வி போய், நாம் எதை வைத்துச் சரிபார்ப்பது என்ற கேள்வி வந்துவிடுகிறது. ஏஐ சேவை இங்கே ‘உண்மையில் நடந்தது இது’ என்று ஒரே பதிலைத் தர முயன்றால் அதை ஏற்காதீர்கள். கதை அந்தப் பதிலைத் தரவில்லை.

எதை வாங்குவது?

ஒரே நாள் அவகாசம், மறுநாள் தேர்வு என்றால் இரண்டு வாசிப்பும், அம்பு போட்ட மூன்று தாளும் போதும். ஒரு வாரம் இருந்தால் நோட்டை எடுங்கள். ஏஐயிடம் கடைசி இரண்டு நாளில் எதிர்வாதம் கேளுங்கள். கைடை வாங்கியே தீர வேண்டும் என்றால், கடையில் நிற்கும்போதே ஒரு கதையின் பகுதியைத் திறந்து இரண்டு விஷயம் பாருங்கள். எந்தக் காட்சியில், எந்த வரியில் என்று சுட்டிக் காட்டுகிறதா? ‘அன்பு’, ‘துரோகம்’ போன்ற சொற்களுக்குப் பக்கத்தில் ஒரு செயலாவது எழுதியிருக்கிறதா? இரண்டுமில்லை என்றால் திரும்ப வைத்துவிடுங்கள்.

‘நெக்லஸ்’ பகுதி அந்தக் கைடில் இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். கடைசிக் காட்சியில் ஃபொரெஸ்தியே நெகிழ்ந்துபோய் மத்தில்த்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அது போலி என்கிறாள். கதை அங்கேயே நின்றுவிடுகிறது. 36,000 பிராங்க் நகை இப்போது யாரிடம் இருக்க வேண்டும், தோழி திருப்பித் தருவாளா, மத்தில்த் வாய்விட்டுக் கேட்பாளா என்று எதுவும் சொல்லப்படவில்லை. நோட்டில் அந்த வரிசையின் மூன்றாவது கட்டம் காலியாகத்தான் இருக்கும். அதை ‘தோழி நகையைத் திருப்பிக் கொடுத்தாள்’ என்று நிரப்பித் தரும் கைடை வாங்க வேண்டாம்.